ஐந்து பேர் ஏறிய பிறகும் அதே வண்டியா?

கார் வாங்கப் போகிறவர் கையில் கொடுக்கப்படும் விவரத்தாளில் உள்ள எண்களில் பல, ஆள் ஏறாத வண்டியின் எண்கள். ஃபோக்ஸ்வாகன் விர்டுஸ், ஸ்கோடா ஸ்லாவியா என்ற இரண்டு செடான்களையும் எடுத்துக்கொள்வோம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே 179 மி.மீ. என்று சொல்கிறார்கள். ‘கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு?’ என்று எல்லோரும் கேட்பதற்கு இதுதான் பதில். ஆனால் அந்த 179, ஓட்டுநர்கூட உட்காராத நிலையில் எடுத்த அளவு. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் ஏறி, டிக்கியில் ஒரு ஏத்தன் குலையும் இரண்டு பெட்டிகளும் வைத்த பிறகு வண்டி எத்தனை மில்லிமீட்டரில் நிற்கும் என்பது பெரும்பாலும் தாளில் இருப்பதில்லை. குன்னத்துகாலில் இருந்துகொண்டு கார் வாங்குகிறவருக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்தான்.

நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது குன்னத்துகால். ஒரு பக்கம் பாறசாலை, இன்னொரு பக்கம் வெள்ளறடை, அடுத்தாற்போல் மருத்துவக் கல்லூரி இருக்கும் காரக்கோணம். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. சொந்தபந்தம் மட்டும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கிறது. அதனால் இங்கே குடும்பக் கார் என்றால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கும் ஒரே வாரத்தில் ஐந்து பேரைச் சுமந்து போகிற வண்டி. நிலமோ ஒரு குன்று, கீழே ஓர் ஏலா (வயல்), மறுபடி ஒரு குன்று என்று போவது. வீடுகள் வெட்டுக்கல் தட்டுகளின் மேல், சாலை கீழே. சாலையிலிருந்து முற்றத்துக்கு ஏறும் சரிவுதான் ஒரு செடானுக்கு இந்த ஊரில் தினமும் நடக்கும் முதல் பரீட்சை.

அந்தச் சரிவைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். நான்கு அடி முன்னே போனால் ஓர் அடி உயரும் சரிவு என்றால் அதன் கோணம் 14 பாகை. சரிவு முடிந்து முற்றம் தொடங்கும் விளிம்பில், முன்சக்கரங்கள் மேலே போய்விட்டன, பின்சக்கரங்கள் இன்னும் சரிவில் நிற்கின்றன. விளிம்பு இரண்டுக்கும் நடுவில், வண்டியின் வயிற்றுக்கு நேர் கீழே வருகிறது. அடி தட்டுமா என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே அளவுகள். ஒன்று, தரை இடைவெளி. மற்றது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரமான வீல்பேஸ். விர்டுஸின் வீல்பேஸ் 2,651 மி.மீ. இதையும் 179 மி.மீ. இடைவெளியையும் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த வண்டி சுமார் 15.4 பாகை விளிம்பு வரை தட்டாமல் கடக்கலாம். 14 பாகைச் சரிவை அது தாண்டிவிடும்.

இப்போது ஐந்து பேரும் ஏறட்டும். சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குகள் எவ்வளவு அமுங்கும்? இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டால் அது மேலும் கீழும் ஆடும் வேகத்தில் ஸ்பிரிங்கின் இறுக்கம் அடங்கியிருக்கிறது. குடும்பக் கார்கள் பொதுவாக நொடிக்கு ஒன்றே கால் முறை, ஒன்றரை முறை என்ற அளவில் ஆடும்படி அமைக்கப்படுகின்றன. நொடிக்கு 1.3 முறை ஆடும் வண்டி, தன் சொந்த எடையால் மட்டும் ஏறக்குறைய 147 மி.மீ. அமுங்கி நிற்கிறது என்று பொருள். 1,200 கிலோ வண்டியில் ஆளும் சாமானுமாக 350 கிலோ ஏறினால், எடை சுமார் 29 விழுக்காடு கூடுகிறது. அமுக்கமும் அதே விகிதத்தில் கூடும். 147-ல் 29 விழுக்காடு ஏறத்தாழ 43 மி.மீ. கணக்குக்கு 40 என்றே வைப்போம். 179-ல் 40 போனால் 139. வீல்பேஸ் மாறவில்லை. கடக்கக்கூடிய கோணம் 12 பாகைக்கு இறங்கிவிட்டது. 14 பாகைச் சரிவில் அடி தட்டும்.

ஷோரூம் ஆளும் நீங்களும் மட்டும் உட்கார்ந்து வீட்டுக்கு ஓட்டிவந்து பார்த்தபோது சத்தமில்லாமல் ஏறிய வண்டி, ஓணத்துக்கோ பொங்கலுக்கோ குடும்பத்தோடு திரும்பும்போது ‘கர்ர்’ என்று உரசுவதன் காரணம் இவ்வளவுதான். வண்டியில் குறை ஒன்றும் இல்லை; பார்த்த விதத்தில்தான் குறை. பரிகாரமும் எளிது. விளிம்பை உடைத்து இரண்டு மீட்டர் நீளத்துக்கு வளைவாகக் கொத்தனாரை வைத்துச் சரிசெய்தால், அந்த 14 பாகை ஒரே இடத்தில் வராமல் பிரிந்துவிடும். பல லட்ச ரூபாய்க்கு வேறு வண்டி தேடுவதைவிட இரண்டு மூட்டை சிமெண்ட் மலிவு.

‘அதனால்தான் எஸ்யூவி எடுக்கச் சொல்கிறேன்’ என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார். இந்த இடத்தில் ஒரு அருமையான ஒப்பீடு நமக்காகவே காத்திருக்கிறது. விர்டுஸும் அதே ஃபோக்ஸ்வாகனின் டைகுனும் ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. என்ஜின் ஒன்று, வீல்பேஸும் அதே 2,651 மி.மீ. ஒன்று செடான், மற்றது எஸ்யூவி. டைகுனின் தரை இடைவெளி 188 மி.மீ. செடானைவிட 9 மி.மீ. அதிகம், ஒரு விரல் தடிமன்கூட இல்லை. உயரமோ செடானுக்கு 1,507, எஸ்யூவிக்கு 1,612. கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் பெரும்பகுதி கூரையிலும் இருக்கையிலும் இருக்கிறது, அடிவயிற்றில் இல்லை. டிக்கி செடானில் 521 லிட்டர், எஸ்யூவியில் 385. எல்லா எஸ்யூவிகளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உயரமாகத் தெரிகிறது என்பதற்காக எஸ்யூவி எடுக்கிறவர் ஒருமுறை டேப் எடுத்து அளந்துவிட்டு எடுக்கட்டும்.

வேகத்தடைகளின் கதையும் இதே கணிதம்தான், முடிவு மட்டும் வேறு. இந்தியச் சாலைகள் பேரவையின் ஐஆர்சி 99 வழிகாட்டி, வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமுள்ள வளைவுமாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படி ஒரு மேட்டின் உச்சியில் 2,651 மி.மீ. வீல்பேஸ் கொண்ட கார் நின்றால், சக்கரங்களே மேட்டின் மேல்தான் நிற்கும்; வயிற்றுக்கு அடியில் மேடு துருத்துவது வெறும் 52 மி.மீ. 139 மி.மீ. மிச்சமுள்ள நிறைந்த வண்டியும் தாராளமாகக் கடக்கும். சிக்கல், வீட்டு வாசலில் ஊரார் தாங்களாகவே போட்டுவைக்கும் குறுகிய மேடு. ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம் என்றால், முன்சக்கரம் இறங்கிய பிறகு மேடு முழுவதும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே அப்படியே நிற்கிறது. 150 மி.மீ. மேட்டின் மேல் 139 மி.மீ. வயிறு. குறுக்காக, ஒரு நேரத்தில் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குவதுதான் வழி. இங்கே வீல்பேஸ் 50 மி.மீ. கூடக் குறைய இருப்பதால் ஒன்றும் ஆகாது. உயரம் ஒன்றே பேசும்.

ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினால் என்ன? ஆகலாம். நொடிக்கு 1.6 முறை ஆடும்படி இறுக்கினால் அதே ஐந்து பேர் ஏறும்போது 43-க்குப் பதில் 28 மி.மீ. தான் இறங்கும். ‘ஸ்போர்ட்டி சஸ்பென்ஷன்’ என்று விளம்பரம் சொல்வதில் பாதி இதுதான். விலையைப் பின்சீட்டில் இருப்பவர் கொடுக்கிறார். குண்டு குழியின் அடி, இறுகிய ஸ்பிரிங் வழியாக அதிகமாக உள்ளே வருகிறது. மனித உடலில் வயிறும் முதுகும் நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் செங்குத்து அதிர்வில் மிக அதிகமாக அலுத்துப்போகின்றன. தார் பெயர்ந்த ஊராட்சிச் சாலையில் நடுத்தர வேகத்தில் போகும்போது சக்கரம் வழியாக வருவதில் கணிசமான பங்கு இந்த எல்லைக்குள்தான். நல்ல வண்டியில் ஸ்பிரிங் மிதமாகவும், அதிர்வை அடக்கும் டேம்பர் கவனமாகவும் இருக்கும்: ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஒருமுறை எழுந்து அமர்ந்துவிடும், இரண்டாவது ஆட்டம் போடாது. இதை எந்தத் தாளிலும் படிக்க முடியாது. பின்சீட்டில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்குகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே டெஸ்ட் டிரைவ் முழுவதையும் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதி தூரம் பின்சீட்டில் வர வேண்டும்.

ஸ்போர்ட்டி என்பதன் உண்மையான பயன் வளைவில் இருக்கிறது, வேகத்தில் இல்லை. வண்டி வளையும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பது எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் பொறுத்தது. அந்த அகலத்தின் பாதியை எடைமைய உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கவிழும் ஆபத்தை மதிப்பிடப் பயன்படுத்துகிறது. பெரும்பாலான பயணிகள் கார்களுக்கு அது 1.3 முதல் 1.5 வரை, உயரமான எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் கூடக் கூட வண்டி கவிழ்வது கடினம். செடானுக்கு இயற்கையாகவே கிடைத்திருக்கும் வரம் இது. பெரிய என்ஜின் போட்டு வாங்க வேண்டியதில்லை; தாழ்வாக இருப்பதாலேயே கிடைத்துவிடுகிறது.

இந்த வளைவுக் கணக்கில் பிள்ளைகளின் வாந்தியும் அடங்கும். கல்லாறு தாண்டிப் பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனை வண்டிகள் ஓரம் நிற்கின்றன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குமட்டலை அதிகம் கிளப்புவது வேகமான குலுக்கல் அல்ல. ஐந்து நொடிக்கு ஒருமுறை என்கிற மிக மெதுவான அசைவு. கப்பலில் வருவதும் அதே அசைவில்தான். மலைச்சாலையில் இடது வளைவும் வலது வளைவும் மாறி மாறி வரும் தாளம் ஏறக்குறைய இதே அளவில் விழுகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நாம் அசைகிறோம்’ என்கிறது. முன்சீட்டின் முதுகையோ கையிலிருக்கும் செல்போனையோ பார்க்கும் கண் ‘இல்லையே’ என்கிறது. மூளை இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய முடியாமல் திணறுகிறது. அதனால்தான் ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லை. அவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரியும்.

செடான் குறைவாகச் சாய்வது இங்கே கைகொடுக்கும். வளைவில் உடல் சாய்ந்து, நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் சாயும் அசைவு சிறிதாகிறது. ஆனால் பக்கவாட்டு விசையை எந்த வண்டியும் அழிக்க முடியாது. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனால் பக்கவாட்டில் உடல் எடையில் 31 விழுக்காடு அளவுக்கு இழுக்கும். 50-ல் போனால் 49 விழுக்காடு. பத்து கி.மீ. கூடியதற்கு இழுப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். வண்டி நன்றாகப் பிடிக்கிறதே என்று ஓட்டுகிறவர் அந்தப் பத்தைக் கூட்டிவிட்டால், தாழ்ந்த எடைமையம் கொடுத்த நன்மை முழுவதும் பின்சீட்டில் கரைந்துவிடும். குடும்பத்துக்கான ஸ்போர்ட்டி கார் என்று நான் மதிப்பது, 40-ல் போகும்போதே ஸ்டீயரிங்கைத் திரும்பத் திரும்பத் திருத்த வைக்காமல் ஒரே பிடியில் வளைவை முடித்துவிடும் வண்டியை. ஜன்னலின் கீழ்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன்சீட்டுகளின் தலைச்சாய்வு எவ்வளவு பெரிது என்பதையும் எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். சாலை தெரியாத பிள்ளைதான் முதலில் ‘அம்மா, ஒரு மாதிரி வருது’ என்று சொல்லும்.

ஏற்றத்தில் வண்டி இழுக்குமா என்ற கேள்விக்கு வருவோம். 1,600 கிலோ எடையோடு பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தைத் தக்கவைக்க, புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 24 பிஎஸ் (குதிரைத்திறன்) வேண்டும். டயர் உருளும் தடையையும் ஏசியையும் சேர்த்தால் 30. விவரத்தாளில் 115, 121, 150, 160 என்று போட்டிருக்கும் வண்டிகளுக்கு 30 ஒரு பொருட்டா என்று தோன்றும். அந்தப் பெரிய எண்கள் என்ஜின் உச்ச வேகத்தில் சுழலும்போது கிடைப்பவை. ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 121 பிஎஸ், நிமிடத்துக்கு 6,600 சுற்றில் வருகிறது. பாட்டியோடு போகும்போது யாரும் அங்கே போவதில்லை. 2,000 சுற்றில்தான் நாம் வாழ்கிறோம்.

2,000 சுற்றில் என்ன கிடைக்கிறது? முறுக்குவிசையைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் திறன். விர்டுஸிலும் ஸ்லாவியாவிலும் வரும் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ என்ஜின் 1,600 சுற்றிலிருந்தே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆகவே 2,000-ல் 71 பிஎஸ். 1.0 லிட்டர் டிஎஸ்ஐயின் 178 நியூட்டன் மீட்டருக்கு சுமார் 50 பிஎஸ். சிட்டியின் உச்சமே 145 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,300 சுற்றில். 2,000-ல் 41 பிஎஸ்ஸுக்குக் கீழே. மூன்றும் 30-ஐத் தாண்டிவிடுகின்றன, ஆக எல்லா வண்டியும் ஏறும். வித்தியாசம் மிச்சத்தில். முன்னால் ஊர்ந்துபோகும் டிப்பரைத் தாண்ட 1.5 டர்போவிடம் 40 பிஎஸ் கையிருப்பு. சாதா என்ஜினிடம் பத்து இருந்தால் அதிகம். அது கியரைக் குறைத்து, சத்தம் போட்டு, 4,000 சுற்றுக்குப் போய்த்தான் அதைக் கொண்டுவர வேண்டும். ‘பிக்கப் இல்லை’ என்று பலர் சொல்வது இந்தக் கையிருப்புக் குறைவைத்தான். சமதளத்தில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு டர்போ இல்லாத என்ஜின் எளிமையானது, நம்பகமானது. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலையோர நெடுஞ்சாலையில் வாரா வாரம் போகிற குடும்பத்துக்கு டர்போ வீண் செலவு அல்ல.

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1.5 டிஎஸ்ஐ, ஹூண்டாய் வெர்னா டர்போ ஆகியவற்றில் வரும் 7 கியர் தானியங்கி, எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளட்ச் வகை. ஓடும்போது அருமையாக மாறும். பாலராமபுரம் சந்திப்பு நெரிசலிலோ, களியக்காவிளை ஏற்றத்திலோ அடி அடியாக நகரும்போது அந்தக் கிளட்ச் பாதி ஒட்டிப் பாதி வழுக்கிச் சூடேறும். நாம் கையால் ஹாஃப் கிளட்ச் போட்டு நிறுத்தினால் என்ன நடக்குமோ அதேதான். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது. பிரேக்கில் நிறுத்தி, முன்னால் நான்கு மீட்டர் காலியான பிறகு ஒரேயடியாக நகர வேண்டும். இந்தப் பழக்கம் வராது என்று தோன்றினால், 1.0 டிஎஸ்ஐயில் வரும் டார்க் கன்வெர்ட்டர் தானியங்கியோ, சிட்டியின் சிவிடியோ நிம்மதி. டார்க் கன்வெர்ட்டரில் வழுக்குவது திரவம், தேய்வதற்கு அங்கே கிளட்ச் தட்டு இல்லை.

இட வசதிக்கு வருவோம். வெர்னாவின் வீல்பேஸ் 2,670, விர்டுஸும் ஸ்லாவியாவும் 2,651, சிட்டி 2,600 மி.மீ. ஆனால் பின்சீட்டில் முழங்காலுக்கு முன்னே எவ்வளவு இடம் என்பதை வீல்பேஸ் மட்டும் சொல்லாது. முன்சீட்டின் முதுகு எவ்வளவு குடையப்பட்டிருக்கிறது, பின்சீட் எவ்வளவு தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவாகும். கூரை பின்னால் சரிந்து இறங்கும் வடிவம் பார்க்க அழகு. ஆறடி ஆளின் தலையில் போய் அது முடிகிறது. சீட் பலகை குட்டையாக இருந்தால் தொடையின் முன்பாதி அந்தரத்தில் தொங்கும். நாகர்கோவிலைத் தாண்டுவதற்குள் கால் மரத்துப்போகும். ஐந்தாவது ஆளுக்கு நடுவில் கிடைப்பது, தரையில் மேடும் முதுகில் கடினமான பகுதியும் உள்ள இடம். அதில் குழந்தை உட்காரலாம், பெரியவர் நெடுந்தூரம் உட்கார முடியாது. தயாரிப்பாளர்கள் ‘ஐந்து இருக்கை’ என்று எழுதலாம். இந்த வகுப்பு செடான்கள் நான்கு பெரியவர்களுக்கும் ஒரு பிள்ளைக்குமான வண்டிகள் என்பதே என் மதிப்பீடு.

மூட்டுவலி உள்ள பாட்டியை வைத்துச் சொன்னால் செடானின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. இருக்கை தாழ்வு. உட்கார்ந்த நிலையில் முழங்கால் இடுப்பைவிட உயரமாகப் போய்விட்டால், எழும்போது தொடைத்தசை முழு உடலையும் அதிக உயரத்துக்கு, அதுவும் மிக மடங்கிய முழங்கால் வழியாகத் தூக்க வேண்டியிருக்கிறது. காலை வெளியே வைத்து, கதவோரக் கட்டையைத் தாண்டி, தலையைக் குனிந்து... இது மூன்றும் ஒரே நேரத்தில். எஸ்யூவியில் இருக்கை இடுப்பு உயரத்துக்கு அருகில் வருவதால் பக்கவாட்டில் நழுவி உட்கார்ந்தால் போதும். ஆகவே வீட்டில் மூட்டுவலி இருந்தால் பாட்டியை ஷோரூமுக்கு அழைத்துப்போய், பின்கதவு வழியே நான்கைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் ‘வேண்டாம் மக்களே’ என்று சொன்னால், மற்ற கணக்குகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டிக்கி: வெர்னா 528 லிட்டர், விர்டுஸ், ஸ்லாவியா 521, சிட்டி 506. ஜெர்மானிய வாகனத் தொழில் சங்கத்தின் முறைப்படி, 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமனுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எத்தனை கொள்கிறது என்று எண்ணுவது பரவலான வழக்கம். நம் வீட்டுச் சாமான் செங்கல் வடிவத்தில் வருவதில்லை. முழுச் சக்கைப்பழம், அரிசி மூட்டை, மடக்கிய சக்கர நாற்காலி — இவற்றுக்கு உள்ளே இருக்கும் கொள்ளளவைவிட வாயின் அகலம் முக்கியம். மூடியைத் தாங்கும் வளைந்த கம்பி, மூடும்போது உள்ளே இறங்கி பெட்டியை நசுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். எந்த எஸ்யூவியும் தர முடியாத ஒன்றைச் செடான் டிக்கி தருகிறது. அது தனி அறை. தேங்காய்ப்பட்டணத்திலோ பொழியூரிலோ மீன் வாங்கிப் போட்டாலும் வாடை பெருமளவுக்குப் பின்னாலேயே அடங்கிவிடும். பின்சக்கரங்களின் இரைச்சலும் அப்படியே.

இரைச்சலைச் சோதிக்க இந்தப் பகுதிக்காரர்களுக்கு நல்ல இடம் வாய்த்திருக்கிறது. முக்கோலையிலிருந்து காரோடு வரை தேசிய நெடுஞ்சாலை 66-ன் புறவழிச்சாலை, சுமார் 16 கி.மீ., கான்கிரீட்டில் போடப்பட்டது. கான்கிரீட் பரப்பு தாரைவிட டயர் சத்தத்தை அதிகமாக எழுப்பும். அங்கே 80-ல் பின்சீட்டில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்கு வருவோம். இங்கே இடவப்பாதி ஒன்று, துலாமழை ஒன்று என்று இரண்டு பருவமழை. 60 கி.மீ. வேகத்தில் உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கும் கார், ரப்பர் இலை அப்பிய ஈரச் சாலையில் பிடிமானம் 0.8-லிருந்து 0.5-க்கு இறங்கினால் 28 மீட்டர் ஓடும். என்ஜின் பெரிதா சிறிதா என்பது இதில் ஒரு மீட்டரைக்கூட மாற்றாது. மாற்றுவது டயர். சட்டப்படி டயர் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. வரை போகலாம். மழைநாட்டில் அந்த எல்லை வரை காத்திருப்பது ஆபத்து, 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுவதே நல்லது. வாங்கும்போதும் டயரைப் பாருங்கள். 205/55 ஆர்16 என்றால் 205-ல் 55 விழுக்காடு, அதாவது 113 மி.மீ. பக்கச்சுவர். சிட்டியின் உயர்வகையில் வரும் 185/55 ஆர்16-க்கு 102. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியின் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும், ரிம் தப்பிக்கும். அழகுக்காக 17 அங்குல அலாய் மாற்றுகிறவர்கள் இழப்பது இந்தச் சுவரைத்தான்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோல் என்ஜின் 1,200 சிசியைத் தாண்டாவிட்டால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடு, தாண்டினால் 40. நாம் பேசும் செடான்கள் எல்லாம் நான்கரை மீட்டர். ஆகவே ஆயிரம் சிசி என்ஜின் போட்டாலும் 40 விழுக்காடு வரியிலிருந்து தப்பாது. 2006-ல் தொடங்கிய இந்த நீளக் கணக்குதான் 3,995 மி.மீ. நீளத்தில் நிற்கும் மாருதி டிசையரைப் போன்ற குட்டி செடான்களை உண்டாக்கியது. டிசையரின் டிக்கி 382 லிட்டர். வீட்டில் நான்கு பேர்தான், நீண்ட பயணம் அரிது என்றால் அந்த வரி வித்தியாசத்தைச் சேமிக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெட்ரோல் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மலிவு. கேரளம் 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் வாங்குகிறது. வண்டியையும் மார்த்தாண்டத்தில் டிஎன்-75 எண்ணில் எடுத்துவிடலாம் என்று நினைப்பவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இரண்டு வரியும் ஒரே வண்டிக்குத் தேவையில்லை. மைலேஜில், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் லிட்டருக்கு 6, 7 விழுக்காடு குறைவான ஆற்றலைத் தாங்கிவருகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பை இறுதியில் வைத்தது அது சிறிது என்பதற்காக அல்ல. மோதல் சோதனை நடத்தும் குளோபல் என்கேப் அமைப்பு 2023-ல் விர்டுஸ், ஸ்லாவியா இரண்டுக்கும் பெரியவர் பாதுகாப்பில் 34-க்கு 29.71, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 42 என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அதே ஆண்டு வெர்னாவும் 28.18, 42 என்று ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆனால் அதன் உடற்கூடு நிலைத்தன்மை குறைந்தது என்று அதே அறிக்கை குறித்தது. நட்சத்திரத்தை மட்டும் எண்ணுகிறவர் இந்த வரியைத் தவறவிடுவார். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்தும் முன்மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்சீட்டிலும், குழந்தைப் பொம்மைகள் பின்னால் குழந்தை இருக்கைகளிலும் இருக்கின்றன, எல்லாம் பட்டை போட்டு. பின்சீட்டில் பட்டை போடாமல் சாய்ந்திருக்கும் மாமாவைப் பற்றி அந்த நட்சத்திரங்கள் எதுவும் சொல்லவில்லை. 50 கி.மீ. வேகத்தில் வண்டி சட்டென்று நின்றால், பட்டை இல்லாத உடல் சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் பெறும் வேகத்தோடு முன்சீட்டின் முதுகில் மோதும். அந்தச் சீட்டில் இருப்பவரையும் சேர்த்து நசுக்கும். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பட்டை போடாமல் கார் விபத்தில் இறந்ததற்குப் பிறகுதான் பின்சீட் பட்டையை நாடு பேசத் தொடங்கியது.

அதனால் ஷோரூமில் குடும்பம் முழுவதும் ஏறி உட்கார்ந்து, ஐந்து பட்டைகளையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பாருங்கள். நடு இருக்கைக்கும் தோளில் குறுக்காக வரும் மும்முனைப் பட்டை இருக்கிறதா, குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் கைக்கு எட்டுகின்றனவா என்று தடவிப் பாருங்கள். நடுவில் இருப்பவரின் பட்டைப் பூட்டு பக்கத்து ஆளின் இடுப்புக்கு அடியில் போய் மறைந்து, எடுக்கவே முடியவில்லை என்றால், அந்தக் கார் உங்கள் குடும்பத்துக்கு நான்கு பேர் வண்டி.